நாயும் பூனையும் நமது கடமையும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் சகல ஜீவராசிகளையும் படைத்துப் பரிபாலித்துவரும் அல்லாஹு தஆலாவுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் அகிலத்தாருக்கு அருட்கொடையாக வந்த நம் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்கள் கிளையார், தோழர்கள் யாவர் மீதும் உண்டாவதாக.

 

தலைப்பைக் கண்டதும் சிலர் முகம் சுளிக்கக்கூடும். மார்க்கப் பகுதியில் நாய்க்கு என்ன வேலை என்று கேட்பார்கள். கேட்கட்டும். திருக்குர்ஆனிலேயே நாய்க்கு இடம் இருக்கிறது. ஸூரத்துல் கஹ்பில் குகைத் தோழர்களின் சரித்திரம் வருகிறதே, அங்கே வாசலில் முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருந்த நாயை ஆண்டவன் குறிப்பிடாமல் விடவில்லை. அத்தோழர்கள் எத்தனை பேர் என்று ஜனங்கள் தர்க்கித்ததைச் சொல்லும் இடத்திலும், ஒவ்வொரு கணக்கிலும் நாய் சேர்த்தே எண்ணப்படுகிறது. வெள்ளிக்கிழமைதோறும் அந்த ஸூராவை ஓதுகிறவர்கள் நாம். வேதத்தில் இடம் பெற்ற பிராணிக்கு நம் சங்க ஏட்டில் இரண்டு பக்கம் ஒதுக்குவதில் குற்றம் இராது.

விஷயத்துக்கு வருவோம். நம் தம்பின் பட்டணத்தைச் சுற்றி, ரெப்பா முதல் கெமெஞ்சே வரை, ஒரு காலத்தில் பால்மரம்தான். 1950-களிலும் 60-களிலும் பெரிய தோட்டங்கள் பல துண்டு துண்டாக விற்கப்பட்டன. பிறகு செம்பனை வந்தது. அதன் பிறகு வீடமைப்பு வந்தது. ஒவ்வொரு தடவையும் சில லயங்கள் காலியாயின. ஜனங்கள் சட்டி பானைகளையும் பெட்டி படுக்கைகளையும் லாரியில் ஏற்றிக்கொண்டு தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் போனார்கள். அடுக்குமாடியில் நாயை வைக்க வழியில்லை. ஆகவே நாய் நின்றுவிட்டது. காலி லயத்தைச் சில நாள் காத்தது. பசி பொறுக்காமல் ரோட்டுக்கு வந்தது. இன்று பசாரின் பின்புறத்திலும் ரயில் ஸ்டேஷன் பக்கத்திலும் அலைகிற நாய்களில் பலவற்றுக்கு அந்த லயத்து நாய்களே பாட்டன் பாட்டி என்பது நமது எண்ணம். ஊர் நெகிரி செம்பிலானில், ஸ்டேஷன் இருக்கும் புலாவ் செபாங் மலாக்காவில். நாய்க்கு எல்லைக் கல் தெரியாது.

பூனையின் கதை வேறு. நம்மவர்களுக்குப் பூனை பிரியம்தான். ஆனால் குட்டி போட்டுவிட்டால் பிரியம் தீர்ந்துவிடுகிறது. அட்டைப் பெட்டியில் நாலு குட்டிகளைப் போட்டு, இரவோடு இரவாகப் பள்ளிவாசல் கேட்டருகிலோ மீன் கடை ஓரத்திலோ வைத்துவிட்டுப் போகிறார்கள். பள்ளிக்கு வருகிற புண்ணியவான்கள் யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்பது அவர்கள் நினைப்பு. இதை ஒரு தர்மம் போலவே செய்கிறார்கள். தாயை விட்டுப் பிரிந்த, கண் திறந்து சில நாளேயான குட்டிக்கு அந்தப் பெட்டி கபுறுதான். ஒட்டி மூடிய பெட்டியை ஒரு விடியற்காலை நாமே திறந்து பார்த்திருக்கிறோம். உள்ளே இருந்ததை இங்கே எழுத மனமில்லை.

ஒரு பெண் பூனையைக் கட்டி வைத்து, தானும் தீனி போடாமல், பூமியில் உள்ள பூச்சி புழுவைத் தின்னவும் விடாமல் சாகடித்தாள். அதன் நிமித்தம் அவளுக்கு நரகம் கிடைத்தது என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள ஹதீது இது. அவள் அடித்தாள் என்றோ நஞ்சு வைத்தாள் என்றோ அதில் இல்லை. அடைத்து வைத்தாள், கவனிக்கவில்லை, அவ்வளவுதான். அட்டைப் பெட்டிக்காரர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

பூனை சுத்தமான பிராணி என்பதில் நமக்குச் சந்தேகம் இல்லை. அபூ கதாதா (ரலி) அவர்களுக்கு மருமகள் கப்ஷா ஒளூச் செய்யத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தபோது, ஒரு பூனை குடிக்க வந்தது. அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். மருமகள் வியந்து பார்க்கவே, பூனை நஜீஸ் அல்ல, அது உங்களைச் சுற்றிச் சுற்றி வருகிற வீட்டார் போன்றது என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லியிருப்பதை எடுத்துரைத்தார்கள். அபூதாவூது, திர்மிதீ முதலிய கிதாபுகளில் இது காணப்படுகிறது. அபூஹுறைறா (ரலி) அவர்களுக்கு அந்தப் பெயரே ஒரு சிறு பூனையால் வந்தது. ஆடு மேய்க்கும்போது அதை வைத்து விளையாடுவார்களாம். இரவில் ஒரு மரத்தில் விட்டு வைப்பார்களாம். இவ்வளவும் ஆதாரமுள்ளவை. நாயகம் (ஸல்) அவர்களின் சட்டைக் கையில் முஅஸ்ஸா என்ற பூனை உறங்கியது, எழுப்ப மனமின்றிக் கையைக் கத்தரித்தார்கள் என்று மேடைகளில் சொல்கிறார்களே, அது ஸஹீஹான ஹதீதுக் கிதாபுகளில் இல்லாதது. நல்ல காரியத்துக்குத்தானே என்று இல்லாததைச் சொல்வது நமக்குத் தேவையில்லை. இருப்பதே போதும்.

நாய் விஷயத்தில்தான் தகராறு.

நம்மில் ஷாபிஈகளும் உண்டு, ஹனபிகளும் உண்டு. நாய் முழுதும் கடும் நஜீஸ், ஈரத்தோடு தொட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால் என்பது ஷாபிஈ மத்ஹபு. இந்த நாட்டில் நடைமுறையும் அதுவே. ஹனபிகள் நாயின் உமிழ்நீரை நஜீஸ் என்பார்கள். அதன் உடலை அவ்வாறு சொல்வதில்லை. மாலிக் இமாம் அவர்களின் மத்ஹபில் உயிருள்ள நாய் சுத்தம். இந்த மஸ்அலாவை இங்கே அலசப் போவதில்லை; அவரவர் மத்ஹபை அவரவர் பேணட்டும். நாம் கேட்பது ஒன்றே: தண்ணீராலும் மண்ணாலும் தீருகிற ஒரு காரியத்தை, கல்லெறிவதற்கும் வெந்நீர் ஊற்றுவதற்கும் அனுமதிச் சீட்டாக யார் மாற்றினார்கள்? கழுவச் சொன்ன ஷரீஅத்து கருணை காட்ட வேண்டாம் என்று எங்கும் சொல்லவில்லை.

சொல்லாதது மட்டுமல்ல. ஷாபிஈ பிக்ஹுக் கிதாபுகளில் தயம்மும் பாடத்தைப் புரட்டிப் பாருங்கள். ஓதல் பள்ளியில் நாமும் படித்ததுதான். ஒருவனிடம் ஒளூவுக்கு மாத்திரம் தண்ணீர் இருக்கிறது. எதிரே தாகத்தால் தவிக்கிற ஓர் உயிர் நிற்கிறது. அது கண்ணியத்துக்குரிய உயிராக இருந்தால், தண்ணீரை அதற்குக் கொடுத்துவிட்டு அவன் தயம்மும் செய்துகொள்ள வேண்டும். கண்ணியத்துக்குரிய உயிர் எது என்று விவரிக்கும்போது, நாய்களில் கடித்துக் குதறும் நாயை விலக்குகிறார்கள். அப்படியானால் கடிக்காத சாது நாய்? அதன் தாகம் நம் ஒளூவுக்கு முந்தியது! நாயைக் கடும் நஜீஸ் என்று எழுதிய அதே மத்ஹபின் கிதாபுதான் இதையும் எழுதியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிப்பவர்கள் குறைவு.

தாகத்தால் ஈர மண்ணை நக்கிய நாய்க்காகக் கிணற்றில் இறங்கிக் காலணியில் நீர் மொண்டு வந்தவனுக்கு மன்னிப்புக் கிடைத்ததும், பனீ இஸ்ராயீலில் ஒழுக்கம் கெட்ட ஒரு பெண்ணுக்கு அதே காரியத்தால் மன்னிப்புக் கிடைத்ததும் எல்லாரும் அறிந்தவை. எல்லாரும் அறியாத ஒன்றைச் சொல்கிறோம். ஹிஜ்ரி 8-ல், அதாவது கி.பி. 630-ல், மக்காவை நோக்கிப் பெரும் படை போகிறது. வழியில் ஒரு பெட்டை நாய் குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டு உறுமிக்கொண்டிருந்தது. படை மிதித்துவிடக் கூடாதே என்று, ஜுஐல் இப்னு ஸுராக்கா என்ற தோழரை அதற்குக் காவலாக நிறுத்திவைத்தார்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். வாக்கிதீயின் போர்ச் சரித்திரத்தில் இது வருகிறது. ஒரு நகரம் கைவசமாகப் போகிற நாளில், நாய்க்குட்டிக்கு ஒரு ஸஹாபியைப் பாராப் போட்டிருக்கிறார்கள்.

மறுபக்கத்தையும் மறைக்க மாட்டோம். வேட்டை, ஆடுமாடு, பயிர் இவற்றுக்கன்றி நாய் வளர்ப்பவனின் நன்மை நாள்தோறும் குறையும் என்ற ஹதீது உண்டு. நாய் இருக்கும் வீட்டில் ரஹ்மத்துடைய மலக்குகள் பிரவேசிப்பதில்லை என்பதும் உண்டு. மதீனாவில் ஒரு சமயம் நாய்களைக் கொல்லக் கட்டளை பிறந்ததும் உண்மை. பிறகு அது நிறுத்தப்பட்டதும் உண்மை. முன்னதைச் சொல்கிறவர்கள் பின்னதையும் சொல்ல வேண்டும். பள்ளிவாசலுக்குள் நாய்கள் வந்து போய்க்கொண்டிருந்ததையும், அதற்காகத் தண்ணீர் தெளிக்காததையும் இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவித்ததாகப் புகாரியில் பதிவாகியிருக்கிறது.

ஆகவே, நாயைக் கொண்டுபோய் நடு வீட்டில் மெத்தை போட்டு வையுங்கள் என்று நாம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டோம். நாம் வைத்துக்கொள்ள முடியாத உயிருக்கு, வைத்துக்கொள்ளக் கூடியவனைத் தேடிக் கொடுக்க நம்மால் முடியும் என்றுதான் சொல்கிறோம்.

இந்நாட்டில் பிராணிகள் காப்பகங்கள் பல இருக்கின்றன. சிலாங்கூர் எஸ்.பி.சி.ஏ. சங்கம் 1958-ல் ஏற்பட்டது. அம்பாங்கில் அதன் காப்பகம் இருக்கிறது. சிறு சிறு காப்பகங்களை நல்ல மனம் படைத்த தனி ஆட்கள் கைப்பொருளைச் செலவழித்து நடத்துகிறார்கள். கெடாவில் ஜித்ராவை அடுத்த நாப்போவில், பாக் மீ என்று அழைக்கப்பட்ட முஹம்மது அஸ்மி இஸ்மாயில் என்ற மலாய்ச் சகோதரரும் அவர் துணைவியாரும் நூற்றுக்கணக்கான தெருநாய்களை வைத்துப் பராமரித்தார்கள். அவரும் ஐவேளை தொழுகிற முஸ்லிம்களின் நடுவே வாழ்ந்தவர்தான். 2014 அக்டோபரில் சையது அஸ்மி என்பவர் பெட்டாலிங் ஜெயாவில் முஸ்லிம்கள் நாயைத் தொட்டுப் பார்த்து, முறைப்படி கழுவிக்கொள்ளவும் கற்றுக்கொள்ள ஒரு கூட்டம் கூட்டினார். நாடே இரண்டு பட்டது. அந்தச் சர்ச்சையில் செலவான மூச்சில் பாதியை நாய்களுக்கு வீடு தேடுவதில் செலவழித்திருக்கலாம்.

காப்பகம் என்றதும் பலர் அதை ஒரு கிட்டங்கி என்று நினைத்துவிடுகிறார்கள். கொண்டுபோய்ப் போட்டுவிட்டால் தம் கடமை தீர்ந்தது என்று திரும்பிவிடுகிறார்கள். அப்படியல்ல. காப்பகம் ஒரு முஸாபர்கானா. வழிப்போக்கன் தங்கி, இளைப்பாறி, தன் இடத்துக்குப் போக வேண்டிய விடுதி. வந்தவன் போகாவிட்டால் அடுத்து வருகிறவனுக்குத் திண்ணையிலும் இடம் இராது. கூண்டில் பத்து நாய் இருக்க வேண்டிய இடத்தில் இருபது இருந்தால், ஒன்றுக்கு வந்த சிரங்கு எல்லாவற்றுக்கும் வரும். பூனைக்கு அடைத்துப் போட்ட இடத்தில் சளி நோய் பரவும். அடைத்து வைத்தவள் கதையை மேலே சொன்னோமே, அந்தப் பொறுப்பு காப்பகத்தாரையும் விடாது. ஆகவே காப்பகத்துக்குச் செய்யும் பெரிய உபகாரம், உள்ளே இருப்பதை வெளியே ஒரு வீட்டுக்கு அனுப்புவதுதான்.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். கெய்ரோவில் மம்லூக் சுல்தான் பைபர்ஸ், தம் பள்ளிவாசலுக்கு அருகே ஒரு தோட்டத்தையே பூனைகளுக்கு வக்பாக எழுதி வைத்தார். அவர் காலமானது 1277-ல். 1830-களில் அங்கு வசித்த லேன் என்ற ஆங்கிலேயர் எழுதும்போது, தோட்டம் கைமாறி வருமானம் அற்பமாகிவிட்டது. ஆனாலும் காழியார் அவர்களின் கச்சேரியில் பிற்பகலில் பூனைகளுக்குத் தீனி போடுவது நின்றபாடில்லை. வக்பு சொத்தைத் தின்றவர்கள் அன்றும் இருந்திருக்கிறார்கள், பூனைக்குப் போட்டவர்களும் இருந்திருக்கிறார்கள். அதே காலத்து ஷாபிஈப் பேரறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் அவர்கள், மனிதன் மீது பிராணிகளுக்குள்ள ஹக்குகளை எழுதும்போது, கிழடாகியோ நோயுற்றோ பயன் தராமல் போன பின்பும் அதற்குச் செலவழிக்க வேண்டும் என்கிறார்கள். லயத்தில் விட்டு வந்த நாய்க்கும் இது பொருந்தும்.

நம்மவர்கள் செய்த கொடுமையும் சரித்திரத்தில் இருக்கிறது. 1910-ல் இஸ்தான்புல் நகரத்தார், தெருநாய்களை ஆயிரமாயிரமாகப் பிடித்து, நீரற்ற ஒரு தீவில் கொண்டுபோய் விட்டார்கள். அவை ஒன்றையொன்று தின்று செத்தன. ஊளை கரை வரை கேட்டதாம். ஊர் அழகாக வேண்டும் என்பதற்காகச் செய்தார்கள். இன்றைக்கும் அந்நகரில் தெருநாய் இருக்கிறது. சென்னையிலும் மாநகராட்சி நெடுங்காலம் நாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தது, நாய்கள் குறையவில்லை. 1959-ல் தோன்றிய புளூ கிராஸ் சங்கத்தார், 1964 முதல் கருத்தடை செய்து விடும் முறையை வற்புறுத்தி வந்தார்கள். 1996-ல்தான் மாநகராட்சி கொல்வதை நிறுத்தி அந்த வழிக்கு வந்தது.

கருத்தடை என்றதும், அல்லாஹ்வின் படைப்பை மாற்றலாமா என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். நன்மையைக் கருதிப் பூனைக்குக் கருத்தடை செய்வது ஆகும் என்று இந்நாட்டுத் தேசிய பத்வாக் குழு தீர்ப்பளித்திருக்கிறது. பூனையும் நாயும் இரண்டு மாதம்போல் சினை சுமக்கின்றன. நாலும் ஐந்துமாகப் போடுகின்றன. அறுக்க மனமில்லாதவன் பெட்டி தேடுகிறான். எது கருணை என்று யோசிக்கலாம்.

இனி நம் வியாபாரத்துக்கு வருவோம். கடைக்காரனைவிட ஊரை அறிந்தவன் யார்? யார் கிடங்கில் எலி தொல்லை, யார் துரியான் கொல்லையில் குரங்கு இறங்குகிறது, யார் வாழையைக் காட்டுப்பன்றி கிளறிவிட்டது என்பதெல்லாம் அரிசி நிறுக்கும்போதே காதில் விழுந்துவிடுகிறது. நாம் இரண்டு வருஷமாகக் கடையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பற்று வரவுபோல இடது பக்கம் கொடுப்போர், வலது பக்கம் கேட்போர். பூனைகளை நம்மவர் வீடுகளுக்கே கொடுத்திருக்கிறோம். நாய்களைத் தமிழ்ச் சகோதரர்களுக்கும், சீனக் காய்கறித் தோட்டக்காரர்களுக்கும், பட்டறை வைத்திருப்பவர்களுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறோம். கொல்லை காக்க நாய் வைத்துக்கொள்ளும் மலாய்க் கம்பத்தார் சிலரும் உண்டு. பயிர்க் காவலுக்கு மார்க்கத்தில் இடம் இருப்பதை மேலே கண்டோம்.

இதில் காசு கிடையாது. நாயின் கிரயத்தை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். ஷாபிஈ மத்ஹபில் அந்த விற்பனையே செல்லாது. ஆகையால் கையிலிருந்து கைக்கு மாற்றிவிடுவதுதான், கமிஷன் இல்லாத வியாபாரம். கடைக்காரனுக்கு முதலில் கை கொஞ்சம் அரிக்கத்தான் செய்யும்.

கேட்டு வந்தவரிடமெல்லாம் தூக்கிக் கொடுத்துவிடுவதும் இல்லை. தீபாவளிக்கும் பெருநாளுக்கும் ஊருக்குப் போனால் யார் சோறு வைப்பார்கள் என்று முதலில் கேட்கிறோம். பதில் சொல்லத் தடுமாறினால் நோட்டை மூடிவிடுகிறோம். வாடகை வீடா, சொந்த வீடா, வீட்டுக்காரர் சம்மதித்தாரா, வீட்டில் பெண்டுகள் சம்மதித்தார்களா? வீட்டு அம்மாளுக்கு இஷ்டமில்லாத பூனை மூன்றாம் நாள் மீன் கடைக்குத் திரும்பிவிடும். நாய்க்கு மாவட்ட மன்ற லைசென்ஸ் எடுப்பாரா, வெறிநாய்த் தடுப்பூசி போடுவாரா என்றும் கேட்கிறோம். அந்த நோய் 2015-ல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் மறுபடி தலைகாட்டியது. 2017 முதல் சரவாக்கில் உயிர்களைக் குடித்தது. இது விளையாட்டல்ல. பிராணியை வதைப்பவருக்கு 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி இருபதாயிரம் வெள்ளிக்குக் குறையாத அபராதமும் உண்டு, மூன்று வருஷம் வரை சிறையும் உண்டு என்பதையும் காதில் போட்டு வைக்கிறோம்.

எல்லாரும் ஆண் குட்டிதான் கேட்கிறார்கள். பெட்டை என்றால் பின்வாங்குகிறார்கள். பெண் குழந்தையைப் புதைத்த ஜாஹிலிய்யா காலத்து மனப்பான்மை நாய்க்குட்டி வரையில் பாக்கி இருக்கிறது. கருத்தடை செய்த பெட்டை, ஆணைப்போல் ஊர் சுற்றப் போகாமல் வாசலிலேயே கிடக்கும். காவலுக்கு அதுவே உத்தமம். கறுப்புப் பூனைக்கும் கேட்பாரில்லை, சகுனமாம். நம்மவர்களே இதைச் சொல்லும்போதுதான் சங்கடமாயிருக்கிறது. சகுனம் பார்ப்பதை மார்க்கம் விலக்கியிருப்பதைப் பூனைக்குட்டியை வைத்தா பாடம் நடத்த வேண்டும்?

குட்டியை எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம். பசும்பால் ஊற்றவும் வேண்டாம். வயிற்றோட்டம் கண்டு செத்துவிடும். ஒத்துவராவிட்டால் ரோட்டில் விடாமல் நம்மிடமே திருப்பித் தரச் சொல்கிறோம். திருப்பித் தந்தவர் மீது நமக்கு வருத்தம் இல்லை.

ஊசிக்கும் கருத்தடைக்கும் பணம் வேண்டியிருக்கிறது. ஜகாத்தில் எடுக்கலாமா என்று சங்கத்தில் ஒருவர் கேட்டார். கூடாது. ஜகாத்துக்கு உரிய எட்டுக் கூட்டத்தாரை வேதமே வரையறுத்துவிட்டது. ஏழை மனிதனின் பங்கைப் பூனைக்குத் திருப்ப ஒருவருக்கும் அதிகாரம் இல்லை. ஸதகா வேறு. ஈரமான ஈரல் உள்ள ஒவ்வோர் உயிரிலும் நன்மை உண்டு என்ற நபிமொழி ஸதகாவின் வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு டப்பா வைத்திருக்கிறோம். அதில் விழுவது மிருக வைத்தியரிடம் போகிறது. ரசீதுகள் நோட்டிலேயே ஒட்டியிருக்கின்றன. யாரும் பார்க்கலாம்.

நோட்டின் இடது பக்கத்தில் இப்போது உள்ளவை: சாம்பல் நிறப் பூனைக்குட்டி இரண்டு, பிரிக்காமல் சேர்த்து எடுப்பவருக்கு; கறுப்புப் பூனை ஒன்று, எலி பிடிப்பதில் கெட்டி; ரெப்பா பக்கம் காலியான லயத்தருகே பிடித்த வயது சென்ற பெட்டை நாய் ஒன்று, செம்மண் நிறம், கருத்தடையும் ஊசியும் ஆகிவிட்டன, சாது, தமிழில் கூப்பிட்டால் வருகிறது. கொல்லை வைத்திருப்பவர்கள் யாரையாவது அறிந்தவர்கள் ஜும்ஆவுக்குப் பின் கடைக்கு வந்து சொல்லவும். வஸ்ஸலாம்.